இருபதாவது கட்டம்

மைனா வந்துவிட்டாள். கணினித் திரையின் கடைசிக் கட்டத்தில் அந்தப் பெயர் எழுந்த பிறகுதான் வேதியியல் ஆசிரியருக்கு மூச்சே சீராயிற்று.

இருபது பேர். ஒருவர் குறைந்தாலும் வகுப்பை அடுத்த பிரிவோடு இணைத்துவிட்டு ஆசிரியரை வேலையிலிருந்து அனுப்பிவிடுவதென்று பள்ளி நிர்வாகம் முடிவு செய்திருந்தது. இன்று தலைகளை எண்ணுவதற்கென்றே மேற்பார்வையாளரும் இணையவழி வகுப்பினுள் நுழைந்திருந்தார்.

பள்ளிக்கூடம் பூட்டப்பட்டுப் பாடம் கணினிக்குள் புகுந்த நாள்முதல் பிள்ளைகள் ஒவ்வொருவராய்க் கழன்றுகொண்டார்கள். வராதவர்களின் வீட்டுக்கெல்லாம் ஆசிரியர் தொலைபேசியில் பேசினார், "பெத்தா மட்டும் போதுமா, கவனிக்க வேண்டாமா?" என்று பெற்றோரை வறுத்தெடுத்தார். அதற்குப் பலனாகத் திரும்பி வந்தவள் மைனா ஒருத்திதான்.

பல வாரங்கள் காணாமற்போயிருந்தவள், சென்ற மாதம் திடீரென்று தலைகாட்டினாள். அதன்பின் ஒருநாளும் தவறவில்லை. முகம் மட்டும் காட்டமாட்டாள், கேமரா பழுதாம். பதில்களெல்லாம் எழுத்தில்தான் வரும்.

"பேரைப் போட்டுட்டுப் போர்த்திப் படுத்திருக்காங்களோ என்னமோ!" என்றார் மேற்பார்வையாளர். "கடைசில இருக்கிற பொண்ணு, மைனாவா? மைக்கைப் போடும்மா. இரும்பு ஏன் துருப்பிடிக்குது?"

கடைசிக் கட்டத்தில் மைக் திறந்த அதே நொடியில், 'கீ...' என்ற கூச்சல் ஆசிரியரின் வீட்டு அறையையே துளைத்தது.

"ஐயையோ! என்ன சார் இது, காதைக் கிழிக்குது?"

"நெட்வொர்க் கோளாறு சார். அந்தப் பொண்ணு வாயைத் திறந்தாலே இப்படித்தான். மைனா, மைக்கை அணைச்சிடும்மா. எழுதிக் காட்டு."

கூச்சல் நின்றது. காற்றும் ஈரமும் இரும்பை என்ன செய்கின்றன என்பது வரிவரியாக, பிழையின்றித் திரையில் வந்து விழுந்தது.

"அட, விவரமான புள்ளதான். சரி சார், இருபது. தப்பிச்சீங்க. ஆனா நாளைக்கும் வருவேன்" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் மறைந்தார்.

ஆசிரியர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்போது கைபேசி ஒலித்தது. வேறொரு பள்ளியில் படிக்கும் அவருடைய மகளின் வகுப்பாசிரியை. "பாடத்தை ஒருமுறை படிச்சுப் பாருங்க" என்று பிள்ளைகளிடம் சொல்லி, மைக்கை அணைத்துவிட்டு எடுத்தார்.

"சார், உங்க பொண்ணு ஒரு மாசமா கிளாஸ் பக்கமே வரல. நீங்களும் வாத்தியார்தானே? பெத்த பிள்ளையைக் கவனிக்கிறதில்லையா?"

"தப்பா சொல்றீங்க மேடம். தினமும் காலையில ரூமுக்குள்ள போனா, கிளாஸ் முடிஞ்சுதான் வெளிய வர்றா."

"அப்போ உள்ள யார்கூட என்ன பண்றான்னு போய்ப் பாருங்க."

எழுந்து போய், அடுத்திருந்த மகளின் அறைக் கதவை ஓங்கித் தட்டினார்.

"கதவைத் திற!"

"அப்பா, இப்ப வேணாம்ப்பா. ப்ளீஸ். நீங்க போய் உட்காருங்க."

"யார்கூடடி பேசிக்கிட்டிருக்க? திறக்கிறியா, உடைக்கட்டுமா?"

உள்ளே நாற்காலி நகர்ந்தது. தாழ்ப்பாள் மட்டும் விலகவில்லை. தோளால் ஒரு மோது மோதினார். கதவு பிளந்துகொண்டது. மகள் துள்ளியெழுந்து, இரண்டு கைகளாலும் திரையை மறைத்தாள்.

"கையை எடு!"

"திட்டாதீங்கப்பா..."

அவரே அவள் கைகளைப் பற்றி விலக்கினார்.

திரையில் ஒரு வெள்ளைப் பலகை. அதில் அவருடைய கையெழுத்து. அதன் முன்னே, ஆளில்லாத அவருடைய நாற்காலி.

மைக் அணைந்திருக்கிறதா என்று மகள் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"நிஜ மைனா இன்னும் வரலப்பா. நான் என் கிளாஸுக்குப் போயிட்டா, உங்களுக்குப் பத்தொன்பதுதான்."