கொல்லைக் காடு

"நெத்திலி காயப்போடுற மணல்ல எவளாச்சும் காடு வளப்பாளா? நீங்களே சொல்லுங்க."

ஊர்க் கூட்டத்தில் நாகப்பன் இப்படிக் கேட்டதும் ஆளாளுக்குத் தலையை ஆட்டினார்கள்.

லைட்ஹவுஸ் குப்பத்தில் நாகப்பன் வீட்டுக்கும் தெய்வநாயகி வீட்டுக்கும் நடுவில் ஓர் ஓலை வேலிதான். அந்தப் பக்கம் மொட்டை மணல். இந்தப் பக்கம் பூவரசு, புங்கன், சவுக்கு, வேம்பு என்று ஒரு குட்டிக் காடு.

"நிழல் விழுது. காக்கா வந்து குந்துது. கருவாட்டுல எலை ஒட்டுது."

"பாம்பு வேற வருது," என்று இன்னொரு படகுக்காரன் ஜெகதீஸ்வரனும் எழுந்து நின்றான்.

ஊர்த் தலைவர் தேவேந்திரன் தொண்டையைச் செருமினார். "ஏம்மா தெய்வநாயகி, கருவாடுதான் ஊருக்குப் பொழப்பு. வர்ற அமாவாசைக்குள்ள எல்லாத்தையும் வெட்டிடு."

தெய்வநாயகிக்கு அழுகை முட்டியது. அந்த உப்பு மண்ணில் ஒரு புல் முளைத்ததில்லை. லாரித் தண்ணீரில் குளித்தது, அரிசி களைந்தது என்று ஒரு சொட்டு வீணாக்காமல் சுமந்து ஊற்றி, மீன் குடலைப் புதைத்து வளர்த்த மரங்கள்.

புருஷன் கங்காதரனைப் பார்த்தாள். அவன் தன் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தான். ஊரோடு சண்டைக்குப் போகிற ஆள் இல்லை அவன்.

இருந்தாலும் அவளுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. போன கத்திரி வெயிலில் மகள் பவித்ராவின் பிரசவத்துக்கு அவள் மீஞ்சூர் போயிருந்தாள். "தண்ணி நான் ஊத்திக்கிறேன், நீ போமே" என்று சொன்னவன் சொன்னபடியே காப்பாற்றி வைத்திருந்தான். திரும்பி வந்து பார்த்தால் சமையல்கட்டு ஓரத்து எலுமிச்சை ஒன்றுதான் பட்டுப்போயிருந்தது. மற்றதெல்லாம் பச்சைப்பசேல். அன்றிலிருந்து குழம்பில் நல்ல துண்டெல்லாம் அவன் தட்டுக்குத்தான்.

மறுநாள் காலையில் வேலியோரம் நாகப்பன் தலை தெரிந்தது.

"அண்ணி."

"இன்னா நாகப்பா, கத்தி கொண்டாந்தியா?"

"எல்லாத்தையும் வெட்டு அண்ணி. மூலையில கீற பூவரச மட்டும் உட்டுடு."

"அதோட நெழல்தான உன் நெத்திலி மேல விழுது?"

நாகப்பன் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "கடல்ல போனா, லைட்ஹவுஸும் இந்தப் பூவரசும் ஒரே நேரா வர்ற எடத்துலதான் எனக்கு மீனு கெடைக்குது. வெளிய சொல்லிடாத."

"அதான் ஜி.பி.எஸ். வெச்சிக்கீறியே?"

"அதுல குறிச்சா போட்டுல வர்றவனெல்லாம் பாத்துடுவான். மரத்த நான் பாக்குறது எவனுக்குத் தெரியும்? நீ மீஞ்சூர் போயிருந்தப்ப இதுக்குத் தண்ணி ஊத்துனதே நான்தான் அண்ணி."

தெய்வநாயகி மூலைப் பூவரசை ஒருதரம் அண்ணாந்து பார்த்தாள். "சரி, போ" என்று மட்டும் சொன்னாள்.

மத்தியானம் ஜெகதீஸ்வரன் கடற்கரைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு வந்தான். கடலில் அவனுக்கு அடையாளம் அந்த உசரமான சவுக்கு; அதை மட்டும் வெட்டக் கூடாதாம். அவனும் அந்த வெயிலில் குடம் குடமாக ஊற்றினானாம்.

"பாம்பு வருதுன்னியே?"

"பாம்பு இன்னாக்கா பண்ணும்? அது பாட்டுக்குப் போயிடும்."

அப்புறம் ஒவ்வொருத்தனாக வந்து ஆளுக்கொரு மரத்தை விடச் சொன்னான்; ஒவ்வொருத்தனும் தன் மரத்துக்கு அந்த வெயிலில் தண்ணீர் ஊற்றியவன்தான். ஒருத்தன் வந்தது இன்னொருத்தனுக்குத் தெரியாது. கடைசியில் தெருவில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துத் தலைவரே வந்துவிட்டார்.

"அந்த வேம்பு மட்டும் இருக்கட்டும்மா."

"நீங்கதான மாமா வெட்டச் சொன்னீங்க?"

"அது ஊருக்காகச் சொன்னது. இது எனக்காகச் சொல்றேன்."

அமாவாசையன்று மறுபடி கூட்டம். நாகப்பனுக்கும் ஊருக்கு முன்னால் மானம் இருக்கிறதே. "இன்னும் ஒரு கெளைகூட விழல தலைவரே" என்று ஆரம்பித்தான்.

தெய்வநாயகி எழுந்தாள். "நான் வெட்ட ரெடி. மொதல்ல எந்த மரத்த வெட்டணும்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க."

"சவுக்க வெட்டு," என்றான் நாகப்பன்.

"சவுக்கு யாருக்கு இன்னா பண்ணுச்சு? பூவரச வெட்டு," என்றான் ஜெகதீஸ்வரன்.

"பூவரசு மேல உனக்கு இன்னாடா கண்ணு?"

"சவுக்கு மேல உனக்கு இன்னா கண்ணு?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் ஒரு மாதிரி பார்த்தார்கள். அதற்கு மேல் பேசினால் மீன் இருக்கிற இடம் வெளியே வந்துவிடும். வேம்பைப் பற்றி யாராவது வாய் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார்.

"பச்ச மரத்த வெட்றது பாவம்பா. நிக்கட்டும். அடுத்த விஷயத்துக்கு வாங்க."

கூட்டமே பெருமூச்சு விட்டது. மரம் வளர்ப்பதன் அருமை பற்றி இரண்டு பேர் பேசக்கூடச் செய்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கங்காதரன் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான்.

"இத்தினி பேரு வெட்டு வெட்டுன்னு குதிச்சானுங்களே, ஒருத்தனாச்சும் ஒரு சொம்புத் தண்ணி ஊத்தியிருப்பானா? வேகாத வெயில்ல நான் ஒண்டியா ஊத்தி ஊத்திக் காப்பாத்துன மரம்மே அதெல்லாம்."

தெய்வநாயகி மீன் சட்டிக்குள் கரண்டியை விட்டாள். தலைத் துண்டும் நடுத்துண்டும் சட்டியிலேயே கிடக்க, வெறும் குழம்பை மட்டும் மொண்டு அவன் சோற்றில் ஊற்றினாள்.

"தெரியும்யா. கடல்லேருந்து பாத்தா தெரியாத மரம் நம்ம கொல்லையில பட்டுப்போன அந்த எலுமிச்சை ஒண்ணுதான். அதுக்கு மட்டும்தான் நீ தண்ணி ஊத்தியிருக்க."