நீ இங்கியே உக்காருண்ணா

வல்லரசு கைக்குட்டையை எடுத்தான். வேப்பமரத்தடியில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை நன்றாகத் துடைத்தான்.

"நீ இங்கியே உக்காருண்ணா. ஹைவேஸ் வரிக்கும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டு வந்துடுறேன்."

என் தம்பி வாயால் அண்ணா என்று கேட்டு வருஷக்கணக்காகிறது. நான் ராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

அப்பா போனபிறகு நிலத்தைப் பிரித்ததில் கிணறு என் பங்குக்கு வந்தது. ஊரைக் கூட்டி, சீட்டுக் குலுக்கிப் போட்டுத்தான் வந்தது. நானா இழுத்துக்கொண்டேன்? அன்றைக்கு மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு விழுப்புரத்துக்குக் குடிபோனவன், அப்புறம் எங்கள் ஊர் காணைப் பக்கமே தலைகாட்டவில்லை. என் மகள் காதுகுத்துக்குக்கூட வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்தோம். சித்தப்பன் எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

அப்படிப்பட்டவன் நேற்று பொழுது சாயும் நேரத்தில் போன் செய்தான். திண்டிவனத்தில் ஒரு பழைய பைக் விலைக்கு வருகிறதாம். வண்டி பார்க்க உன்னை விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்றான்.

காலையில் பொங்கலுக்கு எடுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பழைய வண்டி பார்க்கப் போறதுக்கு மாப்பிள்ளை வேஷமா என்று என் பெண்டாட்டி கலைமதி கேலி செய்தாள். செய்யட்டும்.

பஸ்ஸில் அவன் மடியில் ஹெல்மெட் வைத்திருந்தான். வண்டியே இன்னும் கைக்கு வரவில்லை, அதற்குள் தலைக்கு ஏற்பாடா என்று கிண்டல் பண்ணினேன். வாங்கினால் ஓட்டிக்கொண்டு திரும்ப வேண்டாமா என்று சிரித்தான். அவன் சிரித்ததைப் பார்த்து எனக்கு மனசு ஆறிவிட்டது.

வண்டிக்காரர் பெயர் சீனுவாசன். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிறவர். முட்டியில் ஆப்பரேஷன் ஆனதிலிருந்து காலைத் தூக்கிப் போட்டு உட்கார முடியாமல் வண்டியை விற்கிறார். நான் அக்குவேறு ஆணிவேறாகப் பார்த்தேன். செயினை இழுத்துப் பார்த்தேன், முறுக்கிவிட்டுப் புகையைப் பார்த்தேன். அலுங்காமல் நலுங்காமல் வைத்திருந்தார் மனுஷன். தைரியமாக எடு என்று தம்பியிடம் சொன்னேன்.

வழியில் போலீஸ் மடக்கினால் காட்ட வேண்டுமே என்று அவன் ஆர்சியையும் கேட்டான். சீனுவாசன் தயங்கினார். கொடுங்க, எங்கே போயிடப் போறான், அண்ணன் நான் இங்கேதானே இருக்கேன் என்று வாங்கிக் கொடுத்ததும் நான்தான். சொல்லும்போது பெருமையாகத்தான் இருந்தது.

தெருமுனையில் திரும்புமுன் கையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனான்.

ரயில்வே கேட் மூடித் திறந்தது. மறுபடியும் மூடியது. குடித்த டீ டம்ளரில் ஈ மொய்த்தது.

சீனுவாசன் காலை இழுத்துக்கொண்டு வாசலுக்கும் மரத்தடிக்குமாக நடந்தார். பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்றேன். காலையில்தான் நிரப்பி வைத்தேன் என்றார். தம்பிக்குப் போன் போட்டேன், சுவிட்ச் ஆஃப். அவன் சார்ஜ் போடவே மாட்டான், சின்ன வயசிலிருந்தே சோம்பேறி என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. எழுந்துவிட்டேன். எங்கள் குடும்பத்தில் அந்த மாதிரி ஆட்கள் யாரும் கிடையாது, அவன் வரட்டும், இந்த வண்டியே வேண்டாம் என்று கிளம்பிவிடுகிறோம் என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன்.

சத்தம் கேட்டு அவர் சம்சாரம் கெங்கம்மாள் மோர் கொண்டுவந்தார். என் கையில் ஒரு சொம்பைக் கொடுத்துவிட்டு, புருஷனைச் சமாதானப்படுத்தினார்.

"நீ ஏன்யா பேஜாராவுற? அந்தத் தம்பி வெவரமானவரு. நேத்து மத்தியானம் போன்ல நான்தான பேசினேன். வண்டிய தூரமா ஓட்டிப் பாக்கணும், அதுவரிக்கும் ஒரு ஆள உங்க வூட்ல உக்கார வச்சிட்டுப் போறேன், குடுப்பாரான்னு கேட்டாரு. ஆரோ எவரோன்னா குடுக்க மாட்டாரு, கூடப் பொறந்தவங்கள இட்டுக்கினு வந்தா குடுப்பாருன்னு சொன்னேன். சொன்ன மாதிரியே இட்டுக்கினு வந்துட்டாரு பாரு."

நேற்று மத்தியானம்.

என்னை அவன் கூப்பிட்டது பொழுது சாய்ந்து.

மோர்ச் சொம்பைத் தரையில் வைத்தேன். வண்டி பார்க்க அவன் என்னைக் கூட்டிவரவில்லை. விட்டுவிட்டுப் போகக் கூட்டிவந்திருக்கிறான். நான் போலீசுக்குப் போக மாட்டேன், இந்த மனுஷனுக்கு வண்டிக் காசை நானே கொடுத்து அழுவேன் என்று அவனுக்குத் தெரியும். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனுக்குத் தெரியாதா?

சீனுவாசன் கிட்டே வந்தார். அவருக்கும் விளங்கிவிட்டது போலிருந்தது. குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"நெசமாவே நீங்க அவருக்குக் கூடப் பொறந்தவர்தானுங்களா?"

இல்லைங்க, தெரிஞ்ச பையன், வண்டி பார்க்கக் கூப்பிட்டான், வந்தேன் என்று சொல்லியிருக்கலாம். பஸ் ஸ்டாண்டு நடக்கிற தூரம்தான். என் பெயர்கூட அவருக்குத் தெரியாது.

"கூடப் பொறந்தவன்தாங்க" என்றேன்.

நாற்காலியில் வெயில் ஏறியிருந்தது. மறுபடியும் அதிலேயே உட்கார்ந்தேன்.