புத்தி சொல்ல வந்தவள்

தனக்கு மதம் வேண்டாம் என்று அரசுக்கு எழுதிக் கொடுத்த ஆதனை வெள்ளிக்கிழமை தூக்கிலிடுவதாக இருந்தார்கள். புதன்கிழமை எழினி சிறை வாசலில் நின்றாள்.

“என்ன உறவு?” என்றார் காவலர்.

“பொண்டாட்டி.”

“மதத்தை விட்டவனுக்குப் பொண்டாட்டி ஏதும்மா? தீர்ப்பு வந்த அன்னைக்கே உன் கல்யாணம் செல்லாது. சொந்தக்காரங்களைத்தான் உள்ள விடுவோம். நீ இப்ப மூணாம் மனுஷி.”

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

“வேற யாரை விடுவீங்க?”

“புத்தி சொல்ல வர்றவங்களை. வேதத்தைப் படிக்கலாம், வேற ஒரு வார்த்தை பேசக் கூடாது. மனசு மாறிக் கையெழுத்துப் போட்டான்னா கூட்டிட்டுப் போ.”

அவர் கொடுத்த புத்தகத்துடன் அவள் உள்ளே போனாள். ஆதன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். புத்தி சொல்ல வருகிறவர்களுக்கு அவன் முதுகைத்தான் காட்டுவான். கூட வந்த காவலர் பக்கத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். நம்பாதவர்களை நரகத்தில் என்னென்ன செய்வார்கள் என்று அதில் இருந்தது. வீட்டில் தினமும் காலையில் அவனுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டும் அதே குரலில் எழினி படித்தாள். இரண்டாவது வரியில் ஆதன் திரும்பினான். கம்பியருகே நகர்ந்து வந்து கண்ணை மூடிக்கொண்டான்.

பக்கம் முடிந்தது.

“இன்னொரு தடவை படிங்க,” என்றான்.

காவலர் குறிப்பேட்டில், ‘கைதி ஆர்வமாகக் கேட்கிறான்’ என்று எழுதினார். கையெழுத்துக்கான தாளை எடுத்துக் கம்பிக்கிடையே வைத்தார்.

எழினி முதல் வரிக்குப் போனாள். இந்த முறை மெதுவாகப் படித்தாள்.