பட்டியலில் முதலிடம்

“இருமல் காணுமோ, இன்னும் கொஞ்சம் கூட்டட்டோ?” என்று சக்கர நாற்காலியில் இருந்தபடி ஸ்ரெல்லா கேட்டாள்.

“காணும்,” என்றார் பின்னால் தள்ளிக்கொண்டு வந்த கணவர் லெனாட்.

ஸ்ரெல்லாவின் நுரையீரல் பழுதாகத் தொடங்கி இரண்டு வருடம். மாற்று நுரையீரலுக்கான பட்டியலில் யாருக்கு எந்த இடம் என்று இன்றைக்குத்தான் ஆஸ்பத்திரியில் தீர்மானிக்கப் போகிறார்கள். முந்தி வந்தவருக்கு முதலிடம் இல்லையாம். ஆக மோசமாக இருப்பவருக்குத்தானாம்.

அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து ஸ்ரெல்லா நோயில் ஒரு குறையும் வைக்கவில்லை. அரியாலையில் தெரிந்தவர் வீட்டில் சக்கர நாற்காலியை இரவல் வாங்கினாள். பூசைக்குப் போகும்போது தவறாமல் பூசும் பவுடரை இன்று தொடவே இல்லை.

வாசல் ஏற்றத்தின் நடுவில் நாற்காலி நின்றது.

“ஏன் நிண்டிட்டீங்கள்?”

“சில்லு இறுகுது,” என்று லெனாட் குனிந்து சில்லைப் பார்த்தார். கன நேரம் பார்த்தார்.

“கெதியாத் தள்ளுங்கோ. பத்மாவதி முந்தீடுவா.”

அதே பட்டியலுக்குக் காத்திருக்கும் இணுவில் பத்மாவதி முன்னமே வந்து, மூக்கில் குழாயோடு இருந்தாள். அவளைக் கண்டதும் ஸ்ரெல்லா ஒரு இருமல் இருமினாள். பத்மாவதி இரண்டு இருமினாள். ஸ்ரெல்லா அதை மூன்றாக்கினாள். பக்கத்தில் இருந்தவர்கள் மெல்ல எழும்பித் தள்ளிப்போய் இருந்தார்கள்.

“டொக்டரோடை நீங்கள்தான் கதைக்கவேணும். எனக்கு மூச்சு விடவே ஏலாதெண்டு சொல்லுங்கோ.”

லெனாட் தலையாட்டினார். சுன்னாகத்தில் இருவரும் நடத்தும் மிளகாய் மில்லிலும் அவர் அப்படித்தான். வருகிறவர்களோடு கதைப்பது ஸ்ரெல்லா. தூளுக்குள் நிற்பது லெனாட்.

நேர்ஸ் வந்து, ஒட்சிசன் அளக்கும் சின்னக் கருவியை ஸ்ரெல்லாவின் விரலில் கவ்வவிட்டாள்.

“தொண்ணூற்றைஞ்சு. தொண்ணூறுக்குக் கீழை போனால்தான் பயம். நீங்கள் நல்லா இருக்கிறீங்கள், அம்மா.”

நல்லா இருக்கிறீங்கள் என்றது ஸ்ரெல்லாவுக்கு ஏச்சு மாதிரி விழுந்தது. இருமலையும் மறந்து நிமிர்ந்தாள்.

“மெசின் பிழை, பிள்ளை. நான் அரை உயிரா வந்திருக்கிறன். வேணுமெண்டால் இவருக்குப் போட்டுப் பாருங்கோ. ஒரு தடிமன் காய்ச்சல் எண்டு படுத்தறியாத மனுசன்.”

லெனாட் தயங்கித் தயங்கி விரலை நீட்டினார். கருவி எண்பத்தொன்று என்று காட்டியது.

“பாத்தீங்களே,” என்றாள் ஸ்ரெல்லா வெற்றியோடு. “பிழை எண்டு சொன்னனான்தானே.”

நேர்ஸ் கருவியைத் தன் விரலில் மாட்டிப் பார்த்தாள். தொண்ணூற்றொன்பது. திரும்ப லெனாட்டின் விரலில் மாட்டினாள். திரும்பவும் எண்பத்தொன்று. அவருடைய கையை வெளிச்சத்தில் பிடித்து, நீலம் பாரித்த நகங்களைப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்டும் இல்லை, பிள்ளை,” என்றார் லெனாட். அந்த நாலு சொல்லைச் சொல்லி முடிக்க அவர் இரண்டு தரம் மூச்சு வாங்கினார்.

ஸ்ரெல்லாவின் முகத்தில் இருந்த வெற்றி மெல்ல இறங்கியது.

நேர்ஸ் அவளுடைய தோளைத் தொட்டாள்.

“அம்மா, நீங்கள் எழும்புங்கோ. சக்கரக் கதிரையை ஐயாவுக்குக் குடுங்கோ.”