பெரியக்காவுக்கு எத்தனை மார்க்?

"தொண்ணூத்தாறு! பிரமாதம்!"

டாக்டர் கைதட்டியதும் சின்னவளின் முகம் பூரித்துப்போனது. பக்கத்து மேசையில் பெரியக்காவுக்கு வயிறு எரிந்தது.

பக்கவாதம் வந்தவர்கள் கோப்பையைத் தூக்கும் வீடியோக்களைப் பார்த்து மார்க் போடுவதுதான் அந்த ஆராய்ச்சி அறையில் வேலை. கை அசையவே இல்லையென்றால் பூஜ்யம், தடுமாறித் தூக்கினால் ஒன்று, தடுமாறாமல் தூக்கினால் இரண்டு. எட்டு வருஷமாக இதைத் தனியாளாகப் பார்த்துவந்தவள் பெரியக்கா. சின்னவள் வேலைக்குச் சேர்ந்த சூடே இன்னும் ஆறவில்லை.

ஒரே வீடியோக்களுக்கு இப்போது இருவரும் தனித்தனியாக மார்க் போடுகிறார்கள். சின்னவள் எவ்வளவு சரியாகப் போட்டாள் என்று வாராவாரம் அவளுக்கு நூற்றுக்கு ஒரு மார்க், கூடவே ஒரு பாராட்டு. பெரியக்கா போட்டு முடிக்காமல் டாக்டர் திருத்தவே உட்கார மாட்டார். ஆனால் அவளுடையதைப் பற்றி நல்லதாகவோ கெட்டதாகவோ ஒரு வார்த்தை வராது.

'நான் பழசாயிட்டேன், வேறென்ன' என்று மனசு பொருமியது.

சாப்பாட்டு நேரத்தில் சின்னவள் அருகில் வந்து உட்கார்ந்தாள். "எப்படிக்கா பார்த்ததும் சட்டுனு போட்டுடறீங்க? எனக்கும் கொஞ்சம் சொல்லிக் கொடுங்களேன்."

"தொண்ணூத்தாறு வாங்கற மகராசிக்கு நான் என்னத்தச் சொல்லிக் கொடுக்க?" பாதி சாப்பாட்டோடு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஒரு வீம்பு பிடித்துக்கொண்டது. 'தாராளமா அள்ளிப் போட்டுத்தானே அவ நல்ல பேர் வாங்கறா? கண்டிப்புன்னா என்னன்னு நான் காட்டறேன்.' கோப்பையை ஆடாமல் அசையாமல் தூக்கிய பெரியவருக்கு ஒன்று. வாய்வரை கொண்டுபோய்க் குடித்துவிட்டுக் கேமராவைப் பார்த்துச் சிரித்த பெண்ணுக்கும் ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை டாக்டரின் அறையிலிருந்து சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஐம்பத்திரண்டுக்கா. ஒரே வாரத்துல இப்படிச் சரிஞ்சா நம்ப முடியாதுன்னுட்டாரு. இனிமே வர வேண்டாமாம். நான் எப்பவும் போலத்தாங்க்கா போட்டேன்..."

"விடும்மா, வேற வேலையா கிடைக்காது?" முதுகைத் தட்டிக்கொடுத்தபோதே பெரியக்காவுக்கு உள்ளுக்குள் ஜில்லென்று குளிர்ந்தது. சின்னவள் வாசலைத் தாண்டும்வரை காத்திருந்து, நேரே டாக்டரின் முன்னால் போய் நின்றாள்.

"இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது சொல்லியிருக்கீங்களா டாக்டர்? இன்னிக்காவது சொல்லுங்க. எனக்கு எத்தனை மார்க்?"

டாக்டர் திருதிருவென்று விழித்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"உங்களுக்கு எதுக்குக்கா மார்க்? நீங்க போட்டதோட ஒத்துப்போகுதான்னு பார்த்துத்தானே அவளுக்கே மார்க்!"