தங்கைக்காகக் கேட்ட சந்தேகம்

திருப்போரூர் நூலகத்தில் கிரிப்டோ மோசடிகளைப் பற்றிய வகுப்பு முடிந்ததும், வரலட்சுமி மட்டும் எழுந்து போகவில்லை. வகுப்பெடுத்த கிருபாகரனிடம் தன் கைப்பேசியை நீட்டினாள்.

“சார், என் தங்கச்சி சிநேகா நகைய வித்து இந்த ஆப்ல மூணு லட்சம் போடப் போறா. இது நெசமா, டுபாக்கூரா?”

ஓய்வுபெற்ற வங்கி அலுவலரான கிருபாகரன் பொறுமையாகப் படித்துப் பார்த்தார்.

“மாசம் இருபது சதவீதம் நிச்சயம்னு போட்டிருக்கான். கிரிப்டோ விலை ஏறும், இறங்கும். அதுக்கு யாரும் உறுதி தர முடியாதும்மா. போட்டதைத் திருப்பி எடுக்க இன்னொருத்தரைச் சேர்க்கணுமாம். இது மோசடியேதான்.”

“நல்லா தெரியுமா சார்?”

“சந்தேகமே வேண்டாம்.”

அவள் கண்களில் நீர் தளும்பியது. ஒரு குடும்பமாவது தப்பியதென்று கிருபாகரனுக்கு மனம் நிறைந்தது. அவள் உடனே தங்கையை அழைத்தாள்.

“சிநேகா, கிளாஸ் எடுக்கற சாரே பாத்துட்டாருடி. நல்ல கம்பெனியாம். இன்னிக்கே போட்டுடு” என்று சொல்லி அழைப்பைத் துண்டித்தாள்.

கிருபாகரன் பதறி எழுந்தார். “என்னம்மா இது?”

“நான் போன மாசமே ரெண்டு லட்சம் போட்டுட்டேன் சார். அவளச் சேத்தாத்தான் என்னுத வுடுவான்.”

“அவ போட்டாலும் உங்க பணம் வராதும்மா.”

“வருதா பாப்போம்.”

கிருபாகரனுக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

“கூடப் பொறந்தவளையே மாட்டிவிடத் துணிஞ்ச பிறகு, எங்கிட்ட எதுக்கும்மா கேட்டீங்க?”

வரலட்சுமி கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“நெசம்னா என் பணத்த எதுக்கு சார் எடுக்கணும்? அதுலயே வுட்டு வெச்சிருப்பேன்.”