கூட்டாளியின் போன்

செத்த எலியை வாலைப் பிடித்துத் தூக்குவதுபோல, சம்பந்தி அந்தப் புதுப் போனைக் கைக்குட்டையால் பிடித்துத் தூக்கினார். மேசைக்கு அடியில் இருந்த குப்பைத்தொட்டியில் தொப்பென்று போட்டார்.

"என் பொண்ணை உங்க வீட்டுல கொடுத்திருக்கேன் சம்பந்தியம்மா. இந்தக் கருமம் உங்க மேசையில இருக்கறதைப் பார்க்கவே குமட்டுது."

இருவருமே போன் தயாரிப்பவர்கள். தொழிற்சாலைகள்தான் வேறு வேறு. இரண்டு போன்களுக்கும் உள்ளே ஓடுவது ஒரே கம்பெனியின் சாஃப்ட்வேர். அந்தக் கம்பெனி இப்போது தானும் சொந்தமாகப் போன் விற்கப்போவதாக அறிவித்திருந்தது. அந்தப் போன்தான் இப்போது குப்பைத்தொட்டியில் கிடந்தது. 'கூட்டாளிகளுக்கு ஒரு குறையும் வராது' என்று ஓர் அறிக்கை வேறு.

"நேத்து பூரா அதைத்தான் நோண்டிட்டிருந்தேன்," என்றார் சம்பந்தியம்மா. "போன் சூடாகுது, கேமரா திறக்க நேரமாகுதுன்னு வருஷக்கணக்கா புலம்பினோமே, எல்லாத்தையும் சரி பண்ணியிருக்காங்க. அவங்க போன்ல மட்டும்."

"நம்ம போனுக்கு?"

"அடுத்த வருஷம் பார்க்கலாமாம்."

"தூ... கூட உக்காந்து சாப்பிட்டுட்டு நம்ம தட்டுலயே கை வைக்கிறானுங்க."

சம்பந்தியம்மா கண்ணாடிச் சுவருக்கு அப்பால் பார்த்தார். தொழிற்கூடத்தில் பாதிக்கு விளக்கே இல்லை. ஆளில்லாத மேசைகளின்மேல் ஸ்டூல்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

"ஒரு விஷயம் சொல்றேன், உங்களோட இருக்கட்டும். அவங்களுக்குச் சொந்தமா ஃபேக்டரி கிடையாது. இந்தப் போனை நாங்க செஞ்சு தர முடியுமான்னு கேட்டிருக்காங்க. எனக்கும் பிடிக்கலைதான். ஆனா, வேலையை விட்டு அனுப்பினவங்களை எல்லாம் திரும்பக் கூப்பிட்டுக்கலாமே?"

சம்பந்தி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். வாயில் ஏதோ கசந்ததுபோல அவர் முகம் கோணியது.

"நமக்குக் குழி வெட்டறவனுக்கு நீங்களே மண்வெட்டி எடுத்துக் கொடுக்கப் போறீங்களா? இதைச் செஞ்சு கொடுக்கறவன் மனுஷனே இல்ல. நாளைக்கு நம்ம பேரப்பிள்ளை கேட்டா என்ன சொல்லுவீங்க?"

சம்பந்தியம்மாவுக்குச் சுருக்கென்றது. அந்தப் போனைக் கையில் எடுத்தபோதெல்லாம் அவர் மனசு சொன்னதும் இதுதான். இன்னொருவர் வாயால் கேட்டபோது வெட்கமாகப் போய்விட்டது.

"சரி, வேணாம்னு சொல்லிடறேன்."

"இப்பவே சொல்லிடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்கறேன்."

சாஃப்ட்வேர் கம்பெனி அதிகாரி உடனே எடுத்தார்.

"எங்களால முடியாதுங்க," என்றார் சம்பந்தியம்மா.

"யோசிச்சுதான் சொல்றீங்களா மேடம்?"

"யோசிச்சுதான் சொல்றேன்."

"சரிங்க மேடம்," என்று அவர் வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், காலையிலிருந்து நல்ல சேதிக்காகக் காத்திருந்த சூப்பர்வைசர் பெண் நிமிர்ந்து பார்த்தாள். சம்பந்தியம்மா இல்லையென்று தலையசைத்தார். அந்தப் பெண் இருட்டாக இருந்த பக்கமாக நடந்து போனாள்.

சம்பந்திக்குக் கண் கலங்கிவிட்டது. "உங்க வீட்டுல பொண்ணு கொடுத்ததுக்கு இன்னைக்குத்தான் மனசு நிறைஞ்சிருக்கு," என்று கைகூப்பி விடைபெற்றார்.

கீழே வந்து காரில் ஏறினார். கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியையும் ஏற்றிவிட்டுச் செல்போனைக் காதில் வைத்தார்.

"அந்தம்மா விலகிட்டாங்கல்ல சார், இனி அந்த ஆர்டர் எனக்குத்தானே?"